தினசரிப் படங்களுக்கும் வீடியோவுக்கும் சிறிய மிரர்லெஸ்: பட்டியலில் நான்கு, முடிவில் பூஜ்யம்

#1 முற்றத்துநிழல்

வணக்கம். இரண்டு மாதமாகக் கேமரா ஒப்பீடுகளைப் படித்துப் படித்து, எனக்கு வேண்டியது என்ன என்பதே மறந்துவிட்டது. எந்த விமர்சனத்தைப் படித்தாலும் அந்தக் கேமராதான் சரி என்று தோன்றுகிறது. மறுநாள் இன்னொன்று.

இதுவரை கையில் இருப்பது ஃபோன் மட்டும். எடுப்பது பெரும்பாலும் மகளை. நான்கு வயது, ஓரிடத்தில் நிற்க மாட்டாள். பிறகு மாலை நடையில் கண்ணில் படுபவை, எப்போதாவது ஒரு பயணம். இவற்றோடு ஒரு வேலை நெடுநாளாகப் பாக்கி இருக்கிறது. அம்மாவுக்கு 76 வயது. தன் சிறுவயதைப் பற்றி அவர் சொல்வதை உட்கார வைத்து வீடியோவாகப் பதிவுசெய்ய வேண்டும்.

பட்டியலில் இருப்பவை எல்லாம் மிரர்லெஸ், அதாவது உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றும் கேமராக்கள்: சோனி ஏ6700, ஃபூஜிஃபிலிம் எக்ஸ்-எஸ்20, கேனன் ஆர்50, நிக்கான் இசட்50 இரண்டாம் பதிப்பு. நான்கிலும் ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு). பெரிய பையைத் தூக்கிக்கொண்டு அலையும் ஆள் இல்லை நான். நான்கில் எது?

#2 கூர்முனை

ஏ6700. ஃபோகஸ், பாடிக்குள்ளேயே (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்) நடுக்கத் தடுப்பு, விநாடிக்கு 120 சட்டகங்கள் (ஃபிரேம்) வரை 4கே வீடியோ, பெரிய பேட்டரி. மற்ற மூன்றும் ஏதோ ஒன்றில் கையை விரித்துவிடும். இழையை மூடிவிடலாம்.

#3 பழையலென்ஸ்

இப்போதுதான் திறந்திருக்கிறது, அதற்குள் ஏன் மூட வேண்டும்?

தம்பி, ஒரு வேலை செய்யுங்கள். ஃபோனில் கடந்த ஆறு மாதப் படங்களை வரிசையாகப் பாருங்கள். நன்றாக வந்தவற்றைத் தாண்டிப் போங்கள். கெட்டுப்போயும் அழிக்க மனம் வராமல் வைத்திருக்கும் படங்கள் சில இருக்கும் அல்லவா? அவற்றை மட்டும் எண்ணுங்கள். ஒவ்வொன்றும் எதனால் கெட்டது என்று ஒரே சொல்லில் எழுதுங்கள். இருட்டு, அசைவு, தூரம், சத்தம், எதுவாக இருந்தாலும் சரி. வீடியோவுக்கும் அப்படியே.

அந்தத் தாளோடு வாருங்கள், பேசலாம். இதைச் செய்யாமல் நான் வாங்கிய மூன்று கேமராக்கள் அலமாரியில் இருக்கின்றன. தூசி தட்டும்போது மட்டும் வெளியே வரும்.

#4 இருட்டறை

ஃபோனே போதும் என்று ஒருவரும் சொல்லவில்லையா? அப்படியானால் நான் சொல்லிவிடுகிறேன். பகல் வெளிச்சத்தில் எடுத்து ஃபோன் திரையிலேயே பார்க்கும் படத்துக்கு, ஃபோனுக்கும் இந்த நான்குக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பத்தில் ஒன்பது பேரால் சொல்ல முடியாது. கேமரா வாங்கியதும் முதல் மாதம் எல்லோரும் எடுக்கிறார்கள். இரண்டாம் மாதம் பேட்டரி தீர்ந்து கிடக்கிறது.

#5 கணக்குப்பிள்ளை

இருட்டறை சொல்வது பாதி உண்மை. அந்தப் பாதியைக் கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

ஏபிஎஸ்-சி சென்சார் ஏறத்தாழ 23.5 × 15.6 மில்லிமீட்டர் (கேனனில் சற்றே சிறியது, 22.3 × 14.9). நல்ல ஃபோன்களின் முதன்மை சென்சாரைவிடப் பரப்பில் மூன்று முதல் ஐந்து மடங்கு பெரியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேமராவோடு பெட்டியில் வரும் கிட் லென்ஸின் துளை, விரிகோணத்தில் பெரும்பாலும் எஃப் 3.5 அல்லது அதையும்விடச் சிறியது (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்). ஃபோனின் முதன்மை லென்ஸ் எஃப் 1.8 அளவில் இருக்கும். 3.5-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 3.8. அதாவது சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் கிட் லென்ஸ் விழவைக்கும் வெளிச்சம், ஃபோனில் விழுவதில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குதான். சென்சார் நான்கு மடங்கு பெரியது, வெளிச்சம் நான்கில் ஒன்று. கூட்டிக் கழித்தால் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். அதற்கு மேல் ஃபோன் பல சட்டகங்களை எடுத்து ஒன்றாக்கி இரைச்சலைக் குறைக்கிறது. கேமரா பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை.

அதனால்தான் புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் பலர், இரவு வீட்டுக்குள் எடுத்துப் பார்த்துவிட்டு "இதற்கா இவ்வளவு?" என்று நொந்துகொள்கிறார்கள். அவர்கள் குறை சொல்ல வேண்டியது முன்னால் மாட்டியிருக்கும் லென்ஸை. கேமராவின் மேல் தவறில்லை.

#6 இருட்டறை

என் வாதத்தை என்னைவிட நன்றாக வைத்ததற்கு நன்றி. அடுத்த முறை நீங்களே தொடங்குங்கள்.

#7 முற்றத்துநிழல்

பழையலென்ஸ் ஐயா சொன்னதை நேற்று இரவு செய்தேன். உண்மையைச் சொன்னால், எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை.

கெட்டும் அழிக்காத படங்கள் 61. அவற்றில் 38 வீட்டுக்குள், விளக்கு வெளிச்சத்தில், மகள் அசைந்து மங்கியவை. முகம் மெழுகு பூசியது போல் ஆனவையும் இதில் அடக்கம். தூரத்தால் கெட்டவை 9, எல்லாம் மேடையிலும் விளையாட்டுத் திடலிலும் எடுத்தவை. பின்னணியில் குப்பையாகப் பொருள்கள் தெரிந்தவை 8. மிச்சம் என் விரல்.

வீடியோ 14. அதில் நடுக்கத்தால் கெட்டது இரண்டே இரண்டு. பதினொன்றில் படம் நன்றாகவே இருக்கிறது, பேச்சுதான் கேட்கவில்லை. அம்மா பேசும் ஒன்றில் மின்விசிறி அவரைவிடத் தெளிவாகப் பேசுகிறது.

இரண்டு மாதமாக நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது நடுக்கத் தடுப்பையும் 4கே வேகத்தையும்!

#8 வெட்டுமேசை

வீடியோ வெட்டித் தொகுப்பது என் பிழைப்பு, அதனால் அந்தப் பதினொன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், பேச்சு புரியாவிட்டால் மாட்டார். கேமராவின் மேல் உள்ள மைக் எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் அறை முழுவதையும் கேட்கும். அம்மாவின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சட்டையில் குத்தும் சிறிய மைக் ஒன்று போதும். தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் ஒலியின் வலு நான்கில் ஒன்றாகிவிடும் என்பது இயற்பியல். இரண்டு மீட்டர் தள்ளி வைத்த விலையுயர்ந்த மைக்கால் இதை வெல்ல முடியாது. நீங்கள் சொன்ன நான்கு கேமராக்களிலும் மைக் சொருகும் துளை உண்டு. ஹெட்ஃபோன் துளை ஆர்50-இல் மட்டும் இல்லை. பதிவின்போதே கேட்க முடியாது என்பது குறைதான். அரை நிமிடம் சோதனைப் பதிவு எடுத்துக் கேட்டுவிட்டுத் தொடங்கினால் சமாளிக்கலாம்.

இன்னொன்று. நேர்காணலுக்கு முக்காலி போடுங்கள். 25 சட்டக வேகத்தில் எடுத்தால் ஷட்டர் (ஒரு சட்டகத்துக்கு வெளிச்சம் விழும் நேரம்) 1/50. விநாடிக்கு எத்தனை சட்டகமோ அதன் இரட்டிப்பு என்பது பழைய கணக்கு, அசைவு இயல்பாகத் தெரியும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் விளக்குகள் துடிப்பதும் இதில் அடங்கிவிடும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 30 சட்டகம், 1/60.

10 பிட், லாக் (பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய நிறத்தில் பதிவுசெய்யும் முறை) இவற்றை எல்லாம் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. வானத்தின் நிறத்தை இழுத்து மாற்றுகிறவனுக்கு அது உயிர். உங்கள் அம்மாவின் முகத்தை அப்படியே வைத்திருக்கப்போகிற உங்களுக்கு அது சுமை.

#9 கூர்முனை

எல்லோரும் சேர்ந்து நடுக்கத் தடுப்பை ஓரங்கட்டிவிட்டீர்கள். இருட்டில் அது எவ்வளவு பெரிய வசதி என்று தெரியுமா? முக்காலி இல்லாமல் 1/8 விநாடியில் கூர்மையான படம் எடுத்திருக்கிறேன். ஏ6700-இலும் எக்ஸ்-எஸ்20-இலும் அது உண்டு. ஆர்50-இலும் இசட்50-இலும் இல்லை. இதைச் சொல்லாமல் ஆலோசனை சொல்வது சரியில்லை.

#10 கணக்குப்பிள்ளை

1/8-இல் எதை எடுத்தீர்கள்?

#11 கூர்முனை

ஒரு மண்டபத்தின் தூண்களை.

#12 கணக்குப்பிள்ளை

தூண் நின்றது, படமும் நின்றது. நான்கு வயதுக் குழந்தை நிற்காது. நடுக்கத் தடுப்பு உங்கள் கையின் ஆட்டத்தைச் சரிசெய்யும், எதிரில் இருப்பவரின் ஆட்டத்தை என்ன செய்ய முடியும்? சுவர் கூர்மையாக வரும், குழந்தை புகையாக வருவாள்.

கிட் லென்ஸ் எஃப் 5.6-இல் 1/15 கேட்கும் அறையில், அதே ஐஎஸ்ஓவில் (வெளிச்சத்தை உணரும் அளவு) எஃப் 2.8 லென்ஸ் 1/60 தரும், எஃப் 1.4 லென்ஸ் 1/250 தரும். 1/250-இல் ஓடும் குழந்தை பெரும்பாலும் நின்றுவிடுவாள். முற்றத்துநிழல் எண்ணிய 38 படங்களுக்கும் மருந்து இந்தப் பதினாறு மடங்கு வெளிச்சத்தில் இருக்கிறது.

நடந்துகொண்டே வீடியோ எடுப்பவருக்குக் கூர்முனை சொல்வது சரியே. ஆனாலும் அடி எடுத்து வைக்கும்போது வரும் குலுக்கலைப் பாடிக்குள் இருக்கும் தடுப்பு முழுமையாக விழுங்காது. மிக விரிந்த லென்ஸில் ஓரங்கள் கூழ் போல் ஆடும்.

#13 கூர்முனை

சரி, குழந்தை விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே எஃப் 1.4 லென்ஸை ஏ6700-இலும் மாட்டலாம், அப்போது இரண்டும் கிடைக்கும். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

#14 பழையலென்ஸ்

மாட்டலாம், யார் மறுத்தார்கள்? கையிலிருக்கும் பணம் ஒன்றுதான் என்பதுதான் பதில். பாடியில் மிச்சம் பிடிப்பது லென்ஸுக்கும் மைக்குக்கும் போகும். பாடி நான்கைந்து வருடத்தில் பழசாகிவிடும், லென்ஸ் அடுத்த பாடிக்கும் வரும். அதனால் முதலில் எந்த மவுண்டில் (லென்ஸைக் கேமராவில் பூட்டும் இணைப்பு, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு) உங்களுக்கு வேண்டிய லென்ஸ் இருக்கிறது என்று பாருங்கள்.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு சோனி, ஃபூஜி என்ற இரண்டே பதில்கள்தான். சிக்மாவின் 16, 30, 56 மில்லிமீட்டர் எஃப் 1.4 லென்ஸ்கள் சிறியவை, நல்லவை. அவை 2023-இல் நிக்கான் மவுண்டுக்கு வந்தன. கேனன் 2024-இல்தான் தன் ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கு சிக்மாவையும் டாம்ரானையும் உள்ளே விட்டது. அதுவரை ஆர்50 வாங்கியவர்கள் நல்ல வீட்டைக் கட்டிவிட்டுக் கதவுக்குக் காத்திருந்தார்கள். இன்று நான்கு மவுண்டிலும் வேண்டியது கிடைக்கிறது. பழைய ஒப்பீடுகளைப் படிக்கும்போது தேதியைப் பார்த்துப் படியுங்கள்.

#15 நடைவழி

எடையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. பேட்டரி, கார்டு சேர்த்து ஆர்50 சுமார் 375 கிராம். ஏ6700, எக்ஸ்-எஸ்20 இரண்டும் 490-ஐ ஒட்டி. இசட்50 இரண்டாம் பதிப்பு 550. தாளில் இது சின்ன வேறுபாடு. ஆனால் தினமும் வேலைக்குப் போகும் பையில் அது இருக்குமா இருக்காதா என்பதை அந்த 150 கிராம்தான் முடிவுசெய்யும். லென்ஸ் சேர்ந்ததும் ஏறும் எடை தனி.

நான் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறிய சென்சார் கேமரா அமைப்பின் ஆள். 2008-இல் பானசோனிக் ஜி1 மூலம் லென்ஸ் மாற்றும் மிரர்லெஸ் என்ற வகையே இந்த அமைப்பில்தான் பிறந்தது. சென்சார் 17.3 × 13 மில்லிமீட்டர், சின்னது. அதற்கேற்ப லென்ஸும் சின்னது. பானசோனிக்கின் 20 மில்லிமீட்டர் எஃப் 1.7 லென்ஸ் 100 கிராமைச் சுற்றியே இருக்கும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். மெதுவாக ஃபோகஸ் செய்யும், குழந்தைக்கு ஆகாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கணக்குப்பிள்ளை சொல்வார்.

வியூஃபைண்டர் (கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கும் சாளரம்) இல்லாத கேமரா பக்கம் போகாதீர்கள். சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30, ஃபூஜி எக்ஸ்-எம்5 எல்லாம் அளவில் ஆசை காட்டும். உச்சி வெயிலில் திரையைப் பார்த்தால் அதில் உங்கள் முகம்தான் தெரியும். உங்கள் பட்டியலில் உள்ள நான்கிலும் வியூஃபைண்டர் இருக்கிறது, அது தெரிந்து செய்ததோ தெரியாமல் செய்ததோ, நல்லது.

#16 முற்றத்துநிழல்

நேற்று நான்கையும் கையில் எடுத்துப் பார்த்தேன். இசட்50-இன் பிடி அருமை, ஆனால் என் பைக்கு அது விருந்தாளி போல் இருக்கிறது. எக்ஸ்-எஸ்20-இன் நிறங்கள் பிடித்தன. ஏ6700 எல்லாம் செய்கிறது, மெனுவைப் பார்த்தால் விமானம் ஓட்டுவது போல் இருக்கிறது. ஆர்50 விளையாட்டுச் சாமான் போல் லேசாக இருந்தது. முதலில் ஏமாற்றம், பத்து நிமிடம் கழித்து அதுவே பிடித்துவிட்டது.

இப்போது சாய்வது ஆர்50, சிக்மா 30 எஃப் 1.4, ஒரு சட்டை மைக், முக்காலி என்று. இன்னொரு கேள்வி: ஃபூஜி எக்ஸ்100VI போல லென்ஸ் மாற்ற முடியாத கேமரா ஒன்றை வாங்கிவிட்டு இந்தத் தலைவலியையே விட்டுவிடலாமா?

#17 பழையலென்ஸ்

எக்ஸ்100VI அழகான கேமரா. 23 மில்லிமீட்டர் எஃப் 2, அதற்கு மேல் எதுவும் கேட்கக் கூடாது. உங்கள் தாளில் தூரத்தால் கெட்டது 9 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிற்பாடு ஒரு தூர லென்ஸ் வாங்கும் வழியை இப்போதே அடைக்க வேண்டாம்.

30-ஐ வாங்குவதற்கு முன் இன்னொரு சோதனை. கேனனில் 1.6-ஆல் பெருக்கினால் 30 என்பது முழுச்சட்டக் கணக்கில் (பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு சென்சாரில்) 48. உங்கள் ஃபோனின் முதன்மை லென்ஸ் அதே கணக்கில் 24 அல்லது 26-ஆக இருக்கும். ஒரு வாரம் வீட்டுக்குள் ஃபோனை 2 மடங்கு பெரிதாக்கி வைத்து மட்டும் மகளை எடுங்கள். அதுதான் 30-இன் கோணம். முதுகு சுவரில் முட்டுகிறதா என்று பாருங்கள்.

#18 வெட்டுமேசை

நல்ல சோதனை. நானும் ஒன்று சேர்க்கிறேன். சேமிப்பு. விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட். 64 ஜிபி கார்டு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. வி30 முத்திரை உள்ள கார்டு இதற்குப் போதும், அது விநாடிக்கு 30 மெகாபைட் எழுதும் உறுதி. பதிவான அன்றே இரண்டு இடங்களில் நகல் எடுத்துவிடுங்கள். நேர்காணலை மறுபடியும் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் முறை சொல்லும்போது கதை சுருங்கிவிடும்.

செகண்ட் ஹேண்டில் பழைய கேமரா பார்த்தால் ஒன்றைக் கவனியுங்கள். பல பழைய மாடல்கள் 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். தொழில்நுட்பக் குறை என்று நினைத்தேன், பிறகுதான் தெரிந்தது, அன்றைய ஐரோப்பியச் சுங்க விதி. அரை மணி நேரமோ அதற்கு மேலோ பதிவுசெய்தால் வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி அதிக வரி விதித்தார்கள். நான் முன்பு வைத்திருந்த ஒரு கேமரா அந்த எல்லைக்கே போகாது, இருபதாவது நிமிடத்தில் சூடாகி அணைந்துவிடும். ஒரு பெரியவர் கண் கலங்கிப் பேசிக்கொண்டிருந்தபோது அப்படி நடந்தது. எந்தக் கேமரா வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள் வீட்டில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

#19 நடைவழி

வெளியே வீடியோ எடுக்கும்போது இந்த எஃப் 1.4 ஒரு தொல்லை தரும். வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 என்றால் துளை எஃப் 22 கேட்கும். எஃப் 2.8-இல் எடுக்க ஆறு படி வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், அதாவது 64-இல் ஒரு பங்கு. அதற்குத்தான் என்டி ஃபில்டர், லென்ஸின் முன் மாட்டும் சாம்பல் நிறக் கண்ணாடி. வாங்கும்போது லென்ஸின் விட்டத்தைப் பார்த்து வாங்குங்கள். நான் பார்க்காமல் வாங்கியது இன்று மேசையில் டம்ளருக்கு அடியில் இருக்கிறது.

#20 முற்றத்துநிழல்

ஒரு வாரம் 2 மடங்கில் எடுத்தேன். முதுகு சுவரில் முட்டியது, ஒருமுறை கதவுக் கைப்பிடியிலும். 1.5 மடங்கில் வைத்தால் மூச்சு விட இடம் இருக்கிறது. கணக்குப் போட்டால் கேனனில் 23 மில்லிமீட்டர் அந்தக் கோணத்துக்கு வருகிறது. சிக்மாவில் 23 எஃப் 1.4 இருக்கிறது. அதையே வாங்குகிறேன். கிட் லென்ஸ் வேண்டாம்.

#21 கூர்முனை

ஏ6700-ஐ ஒருமுறை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று சொல்ல வந்தேன். வேண்டாம், போய் வாங்குங்கள்.

#22 முற்றத்துநிழல்

மூன்று வாரம் ஆயிற்று. சொன்னபடி கணக்கு கொடுக்கிறேன்.

மாலையில் வீட்டுக்குள் எடுத்த படங்களில் மகள் நிற்கிறாள். அதாவது அவள் ஓடுகிறாள், படத்தில் நிற்கிறாள். எஃப் 1.4-இல் ஒரு கண் கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் வந்தது, இப்போது பெரும்பாலும் எஃப் 2-இல் வைக்கிறேன். தூரம் இன்னும் தீரவில்லை, அதற்கு அவசரமும் இல்லை. பேட்டரி சின்னது, இரண்டாவது ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. இருட்டறை சொன்ன இரண்டாம் மாதம் இன்னும் வரவில்லை, பார்ப்போம்.

அம்மாவின் முதல் பதிவு 40 நிமிடம். குரல் அவ்வளவு தெளிவு, மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. மின்விசிறியை அணைத்துவிட்டேன். ஒரே ஒரு சிக்கல். திரையை முன்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். அம்மா லென்ஸைப் பார்க்காமல் திரையில் தன் முகத்தையே பார்க்கிறார், நடுநடுவே முடியைச் சரிசெய்கிறார். 40 நிமிடமும் பார்வை ஓரமாகப் போகிறது. என்ன செய்வது?

#23 வெட்டுமேசை

திரையை உள்பக்கமாகத் திருப்பி மூடிவிடுங்கள். லென்ஸைப் பார்க்கச் சொல்லாதீர்கள், கண்ணாடித் துண்டிடம் யாராலும் கதை சொல்ல முடியாது. கேமராவை அவர் கண்மட்டத்துக்கு இறக்கி, அதை ஒட்டினாற்போல் நீங்கள் உட்காருங்கள், உங்கள் தோள் முக்காலியைத் தொடும் அளவுக்கு. அவர் உங்களிடம்தானே சொல்கிறார்.

#24 முற்றத்துநிழல்

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பதிவு. மகளையும் பக்கத்தில் உட்கார வைக்கலாமா என்று யோசிக்கிறேன், மைக்கைப் பிடுங்காமல் இருந்தால்.